ஆடும் பல்லும் திருகாணிப் பல்லும்

அண்மையில் தேயிலைத் தோட்டமொன்றில் நாம் நடத்திய சுகாதாரக் கூட்டம் முடியும் வேளையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து நின்றார். "சாமி, பல்லெல்லாம் ஆடுது. மகன் கொழும்புல வேல செய்றான். எல்லாத்தையும் புடுங்கிட்டு, எலும்புல ஸ்குரூ போட்டுப் புதுப்பல்லு வச்சிக்கலாம்ங்கிறான். வைக்கலாமா?" என்று கேட்டார். "வைக்கலாம். ஆனால் இப்போது அல்ல" என்றோம். அந்தப் பதிலுக்கான காரணத்தை வாசகர்களுக்கும் விளக்குவது பயனுடையதாகும்.

பல் ஆடுவதற்குப் பெரும்பாலும் பல் காரணமல்ல; அதைத் தாங்கும் முரசும் எலும்புமே காரணம். பல்லும் முரசும் சேருமிடத்தில் கிருமிகள் ஒட்டும் படலமாகப் படிகின்றன. இதனை டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்னும் அறிஞரும் அவரது குழுவினரும் 1965 இல் எளிமையாக நிரூபித்தனர். பன்னிரண்டு பேர் பல் துலக்குவதை நிறுத்தினர். மூன்று வாரங்களுக்குள் எல்லோருக்கும் முரசு சிவந்து வீங்கிற்று. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அது மாறிற்று. இந்தக் கட்டத்தில் நோய் முற்றாகக் குணமாகும். கவனியாது விட்டாலோ சிலருக்கு அழற்சி உள்ளிறங்கி, பல்லைச் சுற்றிப் பை போன்ற பள்ளம் உண்டாகி, எலும்பு கரையும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளர்வதில்லை.

இதே லோ பின்னர் எமது மலையகத்துக்கும் வந்தார் என்பதைப் பலர் அறியார். 1970 இல் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 14 வயது முதல் 30 வயதை ஒட்டிய 480 தமிழ்த் தொழிலாளரின் வாய்களை அவரது குழுவினர் பரிசோதித்து, 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தனர். அம்மனிதர்களிடம் பற்தூரிகைப் பழக்கம் இல்லை. பல் வைத்தியமும் அவர்களை எட்டியதில்லை. சூத்தைப்பல் ஏறக்குறைய இல்லை. ஆனால் காரையும் முரசு அழற்சியும் அநேகமாக எல்லோரிடமும் இருந்தன. 1986 இல் வெளியான முடிவுதான் வியப்பானது. 11 சதவீதத்தினருக்கு நோய் உள்ளே இறங்கவேயில்லை. 81 சதவீதத்தினருக்கு மெதுவாக இறங்கிற்று. 8 சதவீதத்தினருக்கு வேகமாக இறங்கி, 40 வயதளவில் சுமார் இருபது பற்கள் போய்விட்டன. 2010 இல் மீண்டும் தேடியபோது 75 பேரை மாத்திரமே பரிசோதிக்க முடிந்தது. அவர்களது வாய்களிலிருந்து உலகத்துப் பல் வைத்தியம் பெரும் பாடம் கற்றது. அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது என்ன என்ற கேள்வி எமக்கு இன்னமும் உண்டு.

ஒரே தோட்டம், ஒரே வேலை, ஒரே ஊத்தை. ஆயினும் ஒருவருக்கு நிற்கும் பல் இன்னொருவருக்கு விழுகின்றது. உடலின் எதிர்ப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றது. புகைத்தலும் கட்டுப்படாத நீரிழிவும் நோயை விரைவுபடுத்தும். எனவே, முரசு நோயால் பல்லிழந்தவர் புதுப்பல் வைத்துக்கொண்டாலும், அதே வாயைத்தான் கொண்டு செல்கிறார்.

திருகாணிப் பல்லின் கதை சுவீடனில் தொடங்கியது. பிரோனமார்க் என்ற ஆய்வாளர் முயலின் எலும்பில் பொருத்திய தைற்றேனிய உலோகக் கருவி எலும்போடு இறுகிப் பிடித்துக்கொண்டதை 1950களில் கண்டார். 1965 இல் முதன்முறையாக ஒரு நோயாளியின் தாடையில் தைற்றேனியத் திருகாணிகளை இறக்கினார். இரும்புத் திருகாணிக்குச் சூத்தை பிடிக்காதல்லவா என்று பலரும் எண்ணுகின்றனர். சூத்தை பிடிக்காது, ஆனால் சுற்றியுள்ள முரசும் எலும்பும் உயிருள்ளவை. இயற்கைப் பல்லை முரசின் நார்கள் வேருக்குள் ஊன்றிப் பிடிக்கின்றன. திருகாணியை அவை அவ்வாறு பிடிப்பதில்லை. அருகே ஓடுகின்றன, அவ்வளவே. ஆகையால் அழற்சி அங்கே எலும்பை விரைவில் எட்டிவிடும். பெரும்பாலும் வலியும் இராது. முன்னர் முரசு நோய் இருந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

எமக்குத் தெரிந்த ஒருவர் நகரத்துத் தனியார் சிகிச்சை நிலையமொன்றில் இரண்டு திருகாணிகள் வைத்துக்கொண்டார். மற்றப் பற்களின் காரையை எவரும் அகற்றவில்லை. மூன்றாம் வருடம் சீழ் கட்டி, இரண்டையும் கழற்ற நேர்ந்தது. மனைவியின் நகை அடகில் இருந்தது, அது வேறு கதை.

ஆகவே முதலில் முரசு. வைத்தியர் மெல்லிய அளவுகோலால் பள்ளத்தின் ஆழத்தை அளப்பார். மூன்று மில்லிமீற்றர் வரை பயமில்லை. பின், தேவையெனில் விறைப்பூசி போட்டு, முரசுக்கு அடியிலுள்ள காரையைச் சுரண்டி அகற்றுவார். இரண்டு மூன்று மாதங்களில் மீண்டும் அளப்பார். இந்த இடைவெளியில் நாம் வீட்டில் எப்படித் துலக்குகிறோம் என்பதே பாதி வைத்தியம். ஆழம் குறையாத இடங்களில் முரசைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டி வரலாம். ஆடிய பற்கள் சில இதனாலேயே ஓரளவு இறுகுவதுண்டு. ஆதலால் எல்லாவற்றையும் பிடுங்க அவசரப்பட வேண்டாம். நிற்கவே முடியாதவற்றை மாத்திரம் எடுத்து, முரசு ஆறி, இரத்தக் கசிவு நின்ற பிறகே திருகாணியைப் பற்றிப் பேசலாம். அதற்கும் எலும்பு போதாவிடில் எலும்பு ஒட்டு வேண்டும். திருகாணி எலும்போடு இறுகுவதற்குச் சில மாதங்கள் செல்லும். அதன்பின்னும் மூன்று தொடக்கம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்விப்பது ஆயுள் முழுதும் தொடரவேண்டிய கடமை. அதற்குப் போய்வர முடியாதவருக்கு, கழற்றிக் கழுவக்கூடிய பொய்ப்பல்லே நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூட்டத்தில் கேட்ட அந்த மனிதர் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குச் சென்றார். நான்கு பற்களை எடுத்திருக்கிறார்கள், மற்றவை நிற்கின்றன. நீரிழிவுக்கான இரத்தப் பரிசோதனையும், வெற்றிலையோடு போடும் புகையிலையை நிறுத்துவதும் முதல் நிபந்தனைகளாம். மகன் அனுப்பிய பணம் இன்னும் வங்கியில் இருக்கிறது. "புகையிலையத்தான் சாமி இன்னும் விடமுடியல" என்று போன வாரம் சொன்னார்.