அப்பாவை நடிக்க அழைத்த அஸிஸ் அன்சாரி

1988ஆம் ஆண்டு 'ஷார்ட் சர்க்யூட் 2' என்ற ஹாலிவுட் படம் வெளிவந்தது. பேசும் ரோபோ ஒன்றும் அதோடு சேர்ந்து திரியும் இந்திய எஞ்சினியர் ஒருவரும்தான் கதை. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஒரு சிற்றூரில் வளர்ந்த தமிழ்ப் பையன் ஒருவன் அதைப் பார்த்துச் சொக்கிப்போனான். ரோபோவைவிட அந்த எஞ்சினியரைத்தான் அவனுக்குப் பிடித்தது. தன் நிறத்தில் ஒருவர் அமெரிக்கப் படத்தில் கதாநாயகனாக வந்ததை அவன் அதற்குமுன் கண்டதில்லை.

பல ஆண்டுகள் கழித்து இணையத்தில் தேடியபோதுதான் உண்மை தெரிந்தது. அந்த 'இந்தியர்' ஃபிஷர் ஸ்டீவன்ஸ் என்ற வெள்ளைக்கார நடிகர். முகத்தில் பழுப்புச் சாயம் பூசி, நாக்கை மடக்கிப் பேசி ஒப்பேற்றியிருக்கிறார்.

ஏமாந்த அந்தப் பையன்தான் அஸிஸ் அன்சாரி. பின்னாளில் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் முன்னணி நடிகராகி, எம்மி, கோல்டன் குளோப் விருதுகளை வாங்கியவர். ஃபிஷர் ஸ்டீவன்ஸைத் தேடிப் பிடித்துப் பேசி, 2015இல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். வெள்ளைக்காரருக்காக எழுதப்பட்ட பாத்திரம் பிறகு இந்தியனாக மாற்றப்பட்டதென்றும், இன்றாக இருந்தால் அப்படி நடிக்கமாட்டேன் என்றும் ஸ்டீவன்ஸ் அவரிடம் ஒப்புக்கொண்டார்.

அஸிஸ் பிறந்தது 1983 பிப்ரவரி 23, தென் கரோலினாவின் கொலம்பியா நகரில். தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய தமிழ் முஸ்லிம் குடும்பம். அப்பா ஷௌகத், குடல் நோய் மருத்துவர். அம்மா ஃபாத்திமா. வளர்ந்தது பெனட்ஸ்வில் என்ற ஊரில்.

மலேசியாவின் பெக்கோக் ஊர் வாசகர்களுக்கு பெனட்ஸ்வில்லைக் கற்பனை செய்வது கடினமாக இருக்காது. லாபிசுக்கும் பாலோவுக்கும் நடுவே, இரயில் பாதையை ஒட்டி, செம்பனையும் பால்மரமும் சூழ நம் ஊர் இருப்பதைப் போல, பருத்திக் காடுகளுக்கு நடுவே பத்தாயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. ஆனால் பெக்கோக்கில் ஒரு தமிழ்ப் பிள்ளை கடைத்தெருவுக்குப் போனால் தமிழில் கூப்பிட நாலு பேர் இருப்பார்கள். பெனட்ஸ்வில்லில் தமிழ் என்பது வீட்டுக் கதவுக்கு உள்ளே மட்டும்தான்.

அந்த வீட்டின் கதைகளே பிறகு அவருடைய முதலீடு ஆயின. தன் பெற்றோரின் கல்யாணக் கதையை அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்குப் பெண் பார்க்கிறார்கள். முதல் பெண் கொஞ்சம் உயரம் அதிகம். இரண்டாவது பெண் கொஞ்சம் குள்ளம். மூன்றாவதாகப் பார்த்த பெண் சரியான உயரம். அரை மணி நேரம் பேசினார்கள். ஒரு வாரத்தில் கல்யாணம். நம் வீடுகளில் எத்தனையோ முறை கேட்ட கதைதான். தனக்கோ இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு கடையைத் தேர்ந்தெடுக்கவே அதைவிட நேரமாகிறது என்பதுபோல் அஸிஸ் அதைத் தன் தலைமுறையின் தடுமாற்றத்தோடு பக்கத்தில் வைத்துக் காட்டியபோது அமெரிக்க அரங்கமே சிரித்தது. எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளரோடு சேர்ந்து, கைப்பேசிக் காலத்துக் காதலைப் பற்றி 'மாடர்ன் ரொமான்ஸ்' என்ற நூலை 2015இல் வெளியிட்டபோதும் இந்தக் கதை அதில் இடம்பிடித்தது.

பள்ளிப் படிப்பை முடித்து நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வணிகப் பிரிவில் மார்க்கெட்டிங் படிக்கப் போனார். 2001 செப்டம்பர் 11 அன்று விமானங்கள் இரட்டைக் கோபுரங்களில் மோதியபோது அவர் தங்கியிருந்த கட்டடமும் அதிர்ந்தது. படிக்கும்போதே இரவு நேரங்களில் கிளப்புகளில் மேடையேறி, தனியாக நின்று நகைச்சுவை பேசத் தொடங்கினார். 2007இல் எம்டிவியில் 'ஹியூமன் ஜயன்ட்' என்ற குறுநாடக நிகழ்ச்சி. கவனம் அவர்மேல் விழுந்தது.

பெரிய வாய்ப்பு 2009இல் வந்தது. என்பிசி தொலைக்காட்சியில் 'பார்க்ஸ் அண்ட் ரிக்ரியேஷன்'. சிட்காம் என்று சொல்லப்படும் இந்த வகைத் தொடரின் இலக்கணம் எளிது: அரை மணி நேரம், மாறாத சில இடங்கள், வாரா வாரம் வரும் அதே மனிதர்கள், அவர்களுக்கு வாரம் ஒரு புதுச் சிக்கல். மலேசியர்களுக்கு இது புதிதல்ல. 'பி மாய் பி மாய் தாங் து'வும் மனோ மணியம் நடித்த 'கோப்பித்தியாம்' தொடரும் இதே வாய்ப்பாட்டில் அமைந்தவைதான். 'பார்க்ஸ்' தொடரின் களம், இந்தியானா மாநிலத்தில் பாவ்னி என்ற கற்பனை ஊரின் நகராட்சிப் பூங்காத் துறை அலுவலகம். ஏமி போலர் கதாநாயகி. ஆனால் தொடருக்கு முதலில் ஒப்பந்தமான நடிகர் அஸிஸ்தான்.

அவருடைய பாத்திரம் டாம் ஹேவர்ஃபோர்ட். வேலையில் அக்கறை இல்லை. பளபளப்பான சட்டை, வாசனைத் திரவியம், பணக்காரனாகும் கனவு, ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழும் வியாபாரங்கள். இந்தியப் பெயரை வைத்துக்கொண்டு அரசியலில் முன்னேற முடியாது என்று வெள்ளைக்காரப் பெயர் சூட்டிக்கொண்டவன். ஒரு காட்சியில் டாம், சாப்பாட்டுக்குத் தான் வைத்திருக்கும் செல்லப் பெயர்களை அடுக்குவான். நூடுல்ஸ் அவனுக்கு நீட்டு அரிசி. முட்டை, பறவையாகாத பறவை. முள்கரண்டி, சோறு வாரி. அரை நிமிடக் காட்சி. முகத்தில் துளிச் சிரிப்பு இல்லாமல் சொல்லிக்கொண்டே போவான். எப்போது பார்த்தாலும் சிரிப்பு வரும்.

7 பருவங்கள், 125 பகுதிகள். 2015 பிப்ரவரியில் தொடர் முடிந்தது. டாம் இந்தியன் என்பதால் சிரிப்பு வரவில்லை. அவன் அலட்டுவதால் வந்தது. அதுதான் அந்தப் பாத்திரத்தின் சிறப்பு. அதுவரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்தியன் என்றால் பெரும்பாலும் 'தி சிம்ப்சன்ஸ்' கேலிச்சித்திரத்தில் வரும் மளிகைக் கடைக்காரர் அப்பு மாதிரிதான். அந்த அப்புவுக்கும் குரல் கொடுத்தவர் ஹாங்க் அசேரியா என்ற வெள்ளைக்காரர். 2020இல்தான் அவர் அதைக் கைவிட்டார்.

டாமை எழுதியவர்கள் வேறு ஆட்கள். சொந்தக் கதையை எழுத அஸிசுக்கு நெட்ஃபிளிக்ஸ் கதவைத் திறந்தது. 'பார்க்ஸ்' எழுத்தாளர் குழுவில் இருந்த ஆலன் யாங்கோடு சேர்ந்து அவர் உருவாக்கிய 'மாஸ்டர் ஆஃப் நன்' 2015 நவம்பரில் வந்தது. நியூயார்க்கில் வாய்ப்புத் தேடி அலையும் தேவ் ஷா என்ற நடிகனின் கதை. முதல் பருவம் பத்தே பகுதிகள்.

தேவின் பெற்றோராக நடிக்க ஆள் தேடினார்கள். வந்தவர்கள் எல்லாரும் சினிமாவில் பார்த்த இந்திய அப்பாவையே திரும்ப நடித்துக் காட்டினார்கள். கடைசியில் அஸிஸ் தன் சொந்த அப்பாவையே கூப்பிட்டார். மருத்துவர் ஷௌகத் தன் ஆண்டு விடுமுறையில் பெரும்பகுதியைப் படப்பிடிப்புக்குக் கொடுத்தார். அம்மாவையும் அஸிஸ் சம்மதிக்க வைத்தார். தொடர் வெளிவந்தபின் அப்பாவும் மகனுமாகத் தொலைக்காட்சிப் பேட்டிக்குப் போனார்கள். அது முடிந்ததும் அப்பா மகனிடம் சொன்னாராம்: நடிப்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் உன்னோடு கொஞ்சம் கூடுதல் நேரம் இருக்கலாமே என்றுதான் ஒப்புக்கொண்டேன். அதைக் கேட்டுக் கண் கலங்கியதை அஸிசே சமூக ஊடகத்தில் எழுதினார்.

இரண்டாம் பகுதியின் பெயர் 'பேரன்ட்ஸ்'. அப்பா தன் ஐபேடைச் சரிசெய்து தரச் சொல்கிறார். படத்துக்கு நேரமாகிவிட்டது என்று மகன் தட்டிக்கழிக்கிறான். காட்சி அப்படியே பின்னோக்கிப் போகிறது. தமிழ்நாட்டில் ஒரு சிறுவன். பிறகு அவன் டாக்டராகி அமெரிக்கா வந்து, ஆஸ்பத்திரியில் முகம் கொடுத்துப் பேச ஆளில்லாமல் நின்ற நாட்கள். அந்தப் போராட்டத்தையெல்லாம் தாண்டி வந்த மனிதருக்குத்தான் மகன் ஐந்து நிமிடம் ஒதுக்க மறுக்கிறான். குற்ற உணர்ச்சியில், தைவான் வம்சாவளி நண்பனோடு சேர்ந்து இரு வீட்டுப் பெற்றோரையும் சாப்பாட்டுக்கு அழைத்துப் போகிறான். அமெரிக்காவில் உங்கள் முதல் நாள் எப்படியிருந்தது என்று அம்மாவிடம் கேட்கிறான். சோபாவில் உட்கார்ந்து அழுதேன் என்கிறார் அம்மா. போன் அடித்தால் எடுக்கவும் பயம், தன் பேச்சு அவர்களுக்குப் புரியாதே என்று. ஃபாத்திமா நடிகை அல்லர். அந்த வரியைச் சொல்லும்போது அவர் முகத்தில் நடிப்பு ஏதும் தெரியவில்லை. காட்சி அதனால்தான் நிற்கிறது.

நான்காம் பகுதியான 'இந்தியன்ஸ் ஆன் டிவி' கோபத்தில் எழுதப்பட்டது. டாக்சி ஓட்டுநர் வேடத்துக்குப் போகும் தேவிடம் இந்திய உச்சரிப்பில் பேசச் சொல்கிறார்கள்; மறுக்கிறான், வேடம் போகிறது. அவன் நண்பன் ரவியோ அதே உச்சரிப்பில் பேசி வாய்ப்பு வாங்குகிறான், அவனுக்கு வீட்டு வாடகை கட்ட வேண்டும். யார் சரி என்று தொடர் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒரு தொடரில் இரண்டு இந்தியர் இருந்தால் அது 'இந்தியத் தொடர்' ஆகிவிடும் என்று தயாரிப்பாளர்கள் கணக்குப் போடுவதையும் அந்தப் பகுதி போட்டு உடைக்கிறது.

2016இல் 'பேரன்ட்ஸ்' பகுதிக்காக அஸிசும் ஆலன் யாங்கும் எழுத்துக்கான எம்மி விருது பெற்றார்கள். அடுத்த ஆண்டு 'தேங்க்ஸ்கிவிங்' பகுதிக்காக அதே தொடரில் நடித்த லீனா வெய்த்தோடு இன்னொரு எம்மி. நகைச்சுவை எழுத்துக்கு அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் லீனா. அதே 2017இல், டிரம்ப் பதவியேற்ற மறுநாள், 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார் அஸிஸ். தெற்காசிய வம்சாவளியினர் ஒருவர் அந்த மேடையில் தொகுப்பாளராக நின்றது அதுவே முதல்முறை. அதற்கு முந்தைய ஆண்டு, ஒர்லாண்டோ துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு முஸ்லிம்கள்மேல் திரும்பக்கூடிய கோபத்துக்கு அஞ்சி, பள்ளிவாசலுக்குப் போக வேண்டாம், வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அம்மாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியதை 'நியூயார்க் டைம்ஸ்' கட்டுரையில் எழுதியவர் அவர்.

2018 ஜனவரி 7இல் கோல்டன் குளோப். தொலைக்காட்சி நகைச்சுவையில் சிறந்த நடிகர் விருதை வென்ற முதல் ஆசிய அமெரிக்க ஆண்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. தன்னோடு ஒரு மாலை சந்திப்பில் அவர் வற்புறுத்தி நடந்துகொண்டார் என்று பெயர் வெளியிடாத இளம்பெண் ஒருவர் இணையத்தளம் ஒன்றில் குற்றம் சாட்டினார். இருவர் சம்மதத்தோடு நடந்ததாகவே தான் நினைத்ததாகவும், அவர் மனம் புண்பட்டதை அறிந்து வருந்தியதாகவும் அஸிஸ் பதில் சொன்னார். 'மீ டூ' இயக்கம் உச்சத்தில் இருந்த நேரம். இதை அத்துமீறல் என்றவர்களும், கசப்பில் முடிந்த சந்திப்பு என்றவர்களும் மாதக்கணக்கில் மோதினார்கள். காதலைப் பற்றிப் புத்தகமே போட்டவர் என்பதால் விமர்சனத்தின் சூடு கூடியது. சில காலம் அவர் ஒதுங்கியே இருந்தார். 2019இல் ஸ்பைக் ஜோன்ஸ் இயக்கிய 'ரைட் நவ்' மேடை நிகழ்ச்சியில், எடுத்த எடுப்பிலேயே தணிந்த குரலில் அதைப் பற்றிப் பேசினார்.

அதற்குப் பிறகு பழைய வேகம் இல்லை. 2021இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் நன்' மூன்றாம் பருவத்தை அவர் இயக்கினார்; கதையை லீனா வெய்த்தின் பாத்திரத்துக்குக் கொடுத்துவிட்டுத் தான் பெரும்பாலும் கேமராவுக்குப் பின்னால் நின்றார். 2022இல் அவர் முதன்முதலாக இயக்கத் தொடங்கிய திரைப்படம், நடிகர் பில் மர்ரி மீது எழுந்த புகாரால் பாதியில் நின்றது. 2025 அக்டோபரில் கீயானு ரீவ்ஸ் தேவதையாக நடித்த 'குட் ஃபார்ச்சூன்' அவர் இயக்கத்தில் வெளிவந்தது. வசூல் சுமார்தான்.

அஸிசுக்கு முன்னோடியாக மிண்டி கேலிங்கைச் சொல்ல வேண்டும். அப்பா சொக்கலிங்கம் தமிழர், அம்மா வங்காளி. 'தி ஆஃபீஸ்' தொடரில் நடித்ததோடு எழுத்தாளராகவும் இருந்த மிண்டி, 2006இல் எழுதிய தீபாவளிப் பகுதியில் தன் சொந்தப் பெற்றோரையே நடிக்க வைத்தார். 2020இல் அவர் உருவாக்கிய 'நெவர் ஹேவ் ஐ எவர்', அமெரிக்கத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. கதாநாயகியாக வந்தவர் ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குக் கனடாவில் பிறந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன்.

நடிகராக அஸிசின் வீச்சு குறுகியது. டாமும் தேவும் கிட்டத்தட்ட ஒரே குரலில், ஒரே துள்ளலில்தான் பேசுகிறார்கள். அவர் பெயர் நிற்கப்போவது எழுத்தால்தான். அதிலும் தன் வீட்டு வரவேற்பறையைச் சாயம் பூசாமல் திரைக்குக் கொண்டுவந்ததால்தான். நம் நாட்டில் தமிழ்த் தொடர் எடுப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். பால்மரம் வெட்டிய தாத்தாவும், சம்பளக் கணக்கு எழுதிய கிராணியும், பட்டணத்துக்கு வேலைக்குப் போன முதல் பெண்ணும் இன்னும் அரை மணி நேர நகைச்சுவைக்குள் ஒழுங்காக வந்து சேரவில்லை.

'மாஸ்டர் ஆஃப் நன்' மூன்று பருவங்களும் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்தவை. முதல் பகுதி படுக்கையறையில் தொடங்குவதால், அப்பா அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதைப் போட்டுவிட வேண்டாம். இரண்டாம் பகுதியிலிருந்து ஆரம்பியுங்கள்.