பிளாஸ்டிக் மாலைக்கு மாற்றாகக் கழிவுக் கடதாசிப் பூ

ஒரு தடவை மாத்திரம் பாவிக்கப்படும் பிளாஸ்டிக் பொருட்கள் சிலவற்றுக்கு எமது நாட்டில் 2023 ஒக்டோபர் முதலாம் திகதி முதல் தடை விதிக்கப்பட்டது. உறிஞ்சுகுழாய், கரண்டி, இடியப்பத் தட்டு ஆகியவற்றுடன் பிளாஸ்டிக் மாலையும் அப்பட்டியலில் இடம்பெற்றது. இடியப்பத் தட்டுக்கு மாற்றீடு எமது அடுக்களைகளில் முன்னரே இருந்தது. பழைய பிரம்புத் தட்டை மீண்டும் எடுத்துக்கொண்டால் போதும். ஆனால் பாடசாலைப் பரிசளிப்பு விழாவிலும், மீலாத் விழாவிலும், திறப்பு விழாக்களிலும் அதிதிகளுக்கு அணிவிக்கும் மாலைக்கு மாற்றீடு எது? இயற்கைப் பூமாலை எல்லோருக்கும் கட்டுப்படியாகும் ஒன்றல்ல.

வீட்டு மூலையில் கட்டிவைக்கப்பட்டிருக்கும் பழைய பத்திரிகைகளும் எழுதி முடித்த அப்பியாசக் கொப்பிகளுமே இதற்குப் போதுமானவை என்பது எமது கருத்தாகும். கடதாசியின் பெறுமதியை எமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதை நாம் கண்டோம்.

செய்முறை கடினமானதன்று. பத்திரிகைத் தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் பெரும்பாலும் நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணலாகும். ஆலையில் தாள் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்துவிடுவதே இதற்குக் காரணமாகும். நேராகக் கிழியும் அத்திசை, இதழின் அகலவாட்டில் அமையும்படி வெட்டிக்கொண்டால், பென்சிலில் சுற்றியவுடன் இதழின் நுனி அழகாகச் சுருண்டு நிற்கும். மாறாக வெட்டப்பட்ட இதழ் மடிந்து முறியும். முட்டை அடுக்கிவரும் சாம்பல் நிறத் தட்டுகள் இன்னும் சிறந்தவை. அவை கழிவுக் கடதாசியைக் கூழாக்கி வார்த்தவையாதலால், அவற்றின் குழிகளே பாதி மலர்ந்த ரோஜாவின் வடிவத்தைக் கொண்டிருக்கின்றன. சற்றே ஈரமாக்கினால் விரும்பியபடி வளையும். காம்புக்கு ஈர்க்கு, ஒட்டுவதற்குக் கோதுமை மாவில் காய்ச்சிய பசை, கோப்பதற்குப் பருத்தி நூல் ஆகியன போதும். மஞ்சள் சாயம் வெயிலில் விரைவில் வெளிறிவிடும். பத்திரிகைத் தாளும் வெளிச்சத்தில் பழுப்பேறும். ஒருநாள் மாலைக்கு அது ஒரு குறையாகாது. குத்துவிளக்கின் அருகில் மாத்திரம் இம்மாலைகளைத் தொங்கவிடுதல் ஆகாது.

இங்கு ஒரு விடயத்தைக் கண்டிப்புடன் கூற வேண்டியுள்ளது. "கழிவுப் பொருளில் கைப்பணி" எனப் பாடசாலைகளில் பணிக்கப்படும்போது, பெற்றோர் கடைக்குச் சென்று புதிய வர்ணக் கடதாசியும், மினுமினுப்புத் தூளும், பிளாஸ்டிக் முத்துக்களும் வாங்கிவரும் நிலை காணப்படுகின்றது. கண்காட்சி முடிந்ததும் அவையனைத்தும் குப்பைக்கே செல்கின்றன. இது மீள்சுழற்சியன்று, செலவை அதிகரித்து, குப்பையையும் பெருக்கும் செயலாகும். ஆசிரியர்கள் அழகுக்கு வழங்கும் புள்ளிகளில் ஒரு பகுதியையேனும், எதனையும் புதிதாக வாங்காது செய்தமைக்கு வழங்கினால் நிலைமை மாறும்.

மினுமினுப்புத் தூளும் பிளாஸ்டிக் பூச்சும் படிந்த கடதாசி கூழாக்குவதற்கு உதவாது என்பது இதனிலும் முக்கியமானது. கடதாசி நார் ஒவ்வொரு தடவை கூழாகும்போதும் குறுகிக்கொண்டே வருகின்றது. ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு தடவைகளின் பின்னர் அது தாளாகப் பிணையும் ஆற்றலை இழந்துவிடுகின்றது. அந்தச் சில பிறவிகளையும் ஒரு துளி மினுக்கத்துக்காக நாம் பறிப்பது எவ்வகையில் நியாயம்? 1950களில் உருவான வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலில் இருந்தும் கழிவுக் கடதாசியில் இருந்தும் தாள் செய்த வரலாறு, கிழக்கின் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு நன்கு தெரிந்ததே. வெறும் கடதாசியும் மாப்பசையும் நூலும் ஈர்க்கும் கொண்டு செய்த மாலையாயின், விழா முடிந்த மறுநாள் நூலை உருவிவிட்டுப் பூக்களைப் பழைய கடதாசிக் கட்டுடன் சேர்த்துவிடலாம். அதுவும் இயலாவிடின், தென்னையடியில் புதைத்தால் சில மாதங்களில் மண்ணாகிவிடும்.