பிள்ளைப்பேறும் விந்தணு தானமும்



ஆவடி, அம்பத்தூர் சாலைகளில் கருத்தரிப்பு மைய விளம்பரங்களைப் பார்க்கிறோம். 2020-இல் வந்த ‘தாராள பிரபு’ திரைப்படம் விந்தணு தானத்தை எல்லாரும் சிரித்துப் பார்க்கும் கதையாக்கியது. ஆனால் “கணவரிடம் குறை, தானம் பெறலாம்” என்று மருத்துவர் சொன்னபின் குருவிடம் வருபவர்கள் சிரிப்பதில்லை. “ஃபாதர், இது பாவமா?” என்றே கேட்கிறார்கள்.

ஆம், இது தவறு என்பதே திருச்சபையின் பதில். மறைக்கல்வி ஏட்டின் 2376-ஆம் எண் இரண்டு காரணங்களைச் சொல்கிறது. கணவனும் மனைவியும் ஒருவர் வழியாகவே மற்றவர் தந்தையும் தாயும் ஆகவேண்டும். அடுத்து, தான் அறிந்த, திருமணத்தால் இணைந்த பெற்றோரிடமிருந்து பிறப்பது குழந்தையின் உரிமை. இந்த இரண்டாவதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இப்படிப் பிறக்கும் குழந்தை தம்பதியரின் சொந்தக் குழந்தையே. தானம் கொடுத்தவருக்கு உரிமை ஏதும் இல்லை. சொத்துச் சிக்கல் தீர்ந்தது. “என் அப்பா யார்?” என்ற கேள்வி தீர்ந்ததா? இங்கிலாந்தில் இப்படிப் பிறந்து வளர்ந்தவர்களே இதற்காக நீதிமன்றம் போனார்கள். 2005 ஏப்ரல் முதல் அங்கே சட்டம் மாறியது. அதன்பின் தானம் கொடுப்பவர் யாரென்று பிள்ளை 18 வயதில் கேட்டு அறியலாம்.

மூன்றாம் ஆள் வழியாகப் பிள்ளை தேடுவது புதிதல்ல. தொடக்கநூல் 16-ஆம் அதிகாரத்தில் சாராய் தன் பணிப்பெண் ஆகாரைக் கணவரிடம் அனுப்பினார். வீட்டில் கசப்பும் பிரிவும்தான் வந்தன. ஆனால் பாலைநிலத்தில் இஸ்மயேல் அழுதபோது கடவுள் அவன் குரலைக் கேட்டார். ஆகவே, ஏற்கெனவே தானத்தின் வழியே குழந்தை பெற்றவர்களே, அஞ்ச வேண்டாம். வழிதான் தவறு, குழந்தை தவறு அல்ல. அதன் திருமுழுக்கில் எந்தக் குறைவும் இல்லை. உங்கள் மனச்சுமைக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குறை கணவரிடம் இருந்தாலும் ஏச்சு வாங்குவது மருமகள்தான். பூசை முடிந்து கோயில் வாசலிலேயே “இன்னும் விசேஷம் இல்லையா?” என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியே பல பெண்களைத் திருட்டுத்தனமாகச் சிகிச்சைக்குத் துரத்துகிறது. மாமியார்களே, அதை நிறுத்துங்கள்.

கணவருக்கு மருந்து, ஹார்மோன் சிகிச்சை, வேரிகோசில் அறுவை போன்றவற்றுக்குத் தடை இல்லை. தாம்பத்திய உறவுக்குத் துணை நிற்கும் சிகிச்சையைத் திருச்சபை வரவேற்கிறது. அந்த உறவின் இடத்தையே பிடித்துக்கொள்வதை, கணவரின் விந்தணுவாலேயே செய்யும் சோதனைக்குழாய் முறை உட்பட, ஏற்பதில்லை.

தத்தெடுப்பும் உண்டு. முன்பு 1890-ஆம் ஆண்டுச் சட்டப்படி கிறிஸ்தவர்கள் காப்பாளராக மட்டுமே இருக்க முடிந்தது. இன்று 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி எந்தச் சமயத்தவரும் முழுமையான பெற்றோர் ஆகலாம். மத்திய தத்தெடுப்பு அமைப்பான ‘காரா’வில் பதிவு செய்யவேண்டும். காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீளலாம். ஆகையால் நாள் கடத்தாமல் உங்கள் பங்குத்தந்தையிடம் பேசுங்கள். மனைவியை மட்டும் அனுப்பாமல் இருவருமாகப் போங்கள்.