பல்மமூசாவில் எந்தப் பொத்தானை அமுக்குவது?

கொழும்பு – கண்டி வீதியில், வாசலில் பித்தளைக் குத்துவிளக்குகளை அடுக்கிவைத்த கடைகள் தொடங்கினால் பிலிமத்தலாவை வந்துவிட்டது என்று அர்த்தம். 2000ஆம் ஆண்டு தை மாதம், பதினைந்து வயதில், என்னை வவுனியாவிலிருந்து அங்கே பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். பெடியன் படிக்கட்டும் என்பது வெளியே சொன்ன காரணம். மற்றக் காரணத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்த வீட்டில், சவூதியிலிருந்து வந்த பிளேஸ்ரேஷன் ஒன்று இருந்தது. பிரதி எடுத்த இறுவட்டுகளில் ஒன்றுதான் ‘ரக்ரிக்ஸ் ஓகர்’. ஒரு பாத்திரத்தை ஏற்று, அவனுக்காக முடிவெடுத்து, கதையை நாமே நகர்த்தும் வகை விளையாட்டு. யசுமி மட்சுனோ என்ற ஜப்பானியர் உருவாக்கியது. ஜப்பானில் 1995 ஒக்டோபரில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 1998இல் கிடைத்தது.

கதை ஒரு தீவுக்கூட்டத்தில் நடக்கிறது. பெயர் வலேரியா. மூன்று இனங்கள். கால்காஸ்தான் பெரும்பான்மை, பாக்ரம் அதிகாரத்தில் ஊறிய மேட்டுக்குடி, வாலிஸ்டர் சிறுபான்மை. எல்லோரையும் ஒன்றாக வைத்திருந்த அரசன் இறந்ததும் போர் வெடிக்கிறது. விளையாடுபவர் யாராக இருந்தாலும் வாலிஸ்டர் பெடியன் டெனாமாகத்தான் இருக்க முடியும். வேறு தெரிவு இல்லை.

இதை நான் தனியாக விளையாடவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்களப் பெடியனும் வருவான். எனது அரைகுறைச் சிங்களமும் அவனது அரைகுறை ஆங்கிலமும் சேர்ந்து ஒரு அகராதியோடு கதையை வாசித்தோம். அவனுடைய அண்ணன் அப்போது இராணுவத்தில், ஆனையிறவில். ஏப்ரல் 22ஆம் திகதி ஆனையிறவு விழுந்த பிறகு சில நாட்கள் அவன் வரவில்லை. அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த பின்தான் வந்தான். நாங்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

முதல் அத்தியாயத்தின் முடிவில் பல்மமூசா வருகிறது. கால்காஸ்தான்கள் வாலிஸ்டர் சனத்தை அடைத்துவைத்து வேலை வாங்கும் ஊர். டெனாம் போய் கிளர்ந்தெழச் சொல்கிறான். சனம் மறுக்கிறது, களைத்துப்போயிருக்கிறது. அப்போது டெனாமுடைய சொந்தத் தலைமையிடமிருந்தே கட்டளை வருகிறது: இவர்களைக் கொல், பழியை எதிரிமேல் போடு, மிச்சச் சனம் கோபத்தில் ஒன்றுசேரும். திரையில் இரண்டு பதில்கள். கீழ்ப்படிவதா, மறுப்பதா?

கீழ்ப்படி என்றேன் நான். தலைமை சொன்னால் காரணம் இருக்கும். தன்ர ஆக்களையே எப்படிக் கொல்லுறது என்று கேட்டான் அவன். கட்டுப்பாட்டுக் கருவியைப் பறித்து மறுப்பை அமுக்கினான். டெனாமின் நண்பன் வைஸ் அந்த வேலையைச் செய்து முடித்தான். பழி டெனாமின் தலையில் விழுந்தது. சேமித்த இடத்துக்குத் திரும்பிப் போய் மற்றதை அமுக்கினோம். சனம் அப்போதும் செத்தது. இம்முறை வைஸ் வெறுத்துப் பிரிந்து போனான். எந்தப் பதிலிலும் பல்மமூசா தப்பவில்லை. அன்றைக்கு ரீவியை நிறுத்திவிட்டோம்.

விளையாட்டு பழுது என்றுதான் நெடுங்காலம் நினைத்தேன். சரியான பதில் ஒன்று இருக்க வேண்டும், நாங்கள்தான் கண்டுபிடிக்கவில்லை. யுகோஸ்லாவியா உடைந்த போர் தன்னைப் பாதித்தது என்று மட்சுனோ பேட்டிகளில் சொன்னதைப் பின்னாளில்தான் வாசித்தேன். ஸ்ரெப்ரெனிகாவில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டது 1995 ஜூலையில். விளையாட்டு கடைக்கு வந்தது மூன்று மாதம் கழித்து. எங்களுக்கோ 2009 இருக்கிறது. இறுதிப் போரில் இரு தரப்புமே பொதுமக்களுக்கு இழைத்தவை பற்றி நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உள்ளன என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இல் சொன்னது. பல்மமூசாவை விளங்க எனக்கு இப்போது அகராதி வேண்டாம்.

புதுப்பித்த பதிப்பு 2022 நவம்பரில் வந்தது. அதில் சண்டையின்போது ஐம்பது நகர்வுகள் வரை பின்னோக்கிப் போகலாம். கதை முடிந்த பிறகு பழைய அத்தியாயங்களுக்குத் திரும்பி மற்றப் பாதையையும் பார்க்கலாம். பழைய பதிப்பில் களத்தில் செத்தவன் செத்தவன்தான். புதியது வசதிதான், ஆனால் எனக்குப் பழையதே பிடிக்கும்.

போன வருடம் பெரியம்மாவைப் பார்க்கப் போனபோது மடிக்கணினியில் அதைக் கொண்டுபோனேன். பக்கத்து வீட்டுக்காரன் தன் மகனோடு வந்தான். பல்மமூசாவில் பெடியன் விரலை நிறுத்தி, எது சரி தாத்தே என்று கேட்டான். தகப்பன் என்னைப் பார்த்தான். பிறகு, அண்ணன் இன்றைக்கும் ஆனையிறவைப் பற்றி வீட்டில் வாய் திறப்பதில்லை என்றான். அந்தப் பெயரை அவன் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டிலும் வவுனியாவைப் பற்றிப் பேசுவதில்லை என்றேன்.

பெடியன் காத்திருக்கவில்லை. மறுப்பை அமுக்கிவிட்டான்.