எதை விதைப்பது என்று முடிவு செய்வது நாமா, கடனா?

இயற்கை வேளாண்மைக்கு மாற நினைக்கும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "பூச்சிக்கு என்ன செய்றது?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "கடன் எவ்வளவு இருக்கு?" என்று. சம்பந்தமில்லாத கேள்வி மாதிரி தெரியும். ஆனால் கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இயற்கைக்கு மாறி இரண்டாம் வருஷமே பழையபடி யூரியா மூட்டைக்குத் திரும்பியவர்களை விசாரித்துப் பாருங்க. பூச்சியால் திரும்பியவரைவிடக் கடனால் திரும்பியவர்தான் அதிகம் இருப்பார்.

காரணம் எளிது. அங்ககச் சான்று விதிப்படி ஒரு வருஷப் பயிர்களுக்கு 2 வருஷம், மரப்பயிர்களுக்கு 3 வருஷம் மாறுகாலம். அந்தக் காலத்தில் விளைச்சல் கொஞ்சம் குறையலாம். 'இயற்கை விளைபொருள்' என்ற கூடுதல் விலையும் கிடைக்காது. மண் தேறி வர நாம் பொறுத்திருக்கலாம். வட்டிக்காரர் பொறுப்பாரா?

கல்வராயன் மலையைப் பாருங்க. அங்கே மக்கள் தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தார்கள். 1976-ல்தான் ஜாகீர்களை அரசு எடுத்துக்கொண்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததும் அதே வருஷம்தான். ஜாகீர் போய்விட்டது, ஆனால் முன்பணம் போகவில்லை. மரவள்ளிக்கு முன்பணம், புளிக்கு முன்பணம், கடுக்காய்க்கு முன்பணம். வாங்கிய அன்றைக்கே யாருக்கு விற்பது, என்ன விலைக்கு விற்பது என்பது முடிவாகிவிடுகிறது. கீழே சமவெளியிலும் உரக்கடைப் பாக்கி வைத்திருப்பவர் அந்தக் கடைக்காரர் சொல்கிற மருந்தைத்தான் அடிக்க வேண்டியிருக்கு.

முதல் வேலை: கடனை எழுதுங்க

வங்கியில் கடன் பிரிவில் இருந்த காலத்தில் நான் கவனித்த ஒரு விஷயம். பெரும்பாலான உழவருக்குத் தன் மொத்தக் கடன் எவ்வளவு என்று சட்டெனச் சொல்லத் தெரியாது. வங்கிக் கடனைச் சொல்வார். உரக்கடைப் பாக்கி, கைமாத்து, மொய் இதெல்லாம் கணக்கில் வராது. ஒரு நாப்பது பக்க நோட்டு போதும். யாரிடம், எவ்வளவு, எப்போ கட்டணும், வருஷத்துக்கு என்ன வட்டி என்று நாலு கட்டம் போட்டு எழுதுங்க.

எல்லா வட்டியையும் வருஷக் கணக்குக்கு மாற்றினால்தான் உண்மை தெரியும்.

கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன்: தவணை தேதிக்குள் கட்டினால் வட்டியே இல்லை.

வங்கியின் கிசான் கிரெடிட் கார்டு கடன்: 3 லட்சம் வரை 7 சதவீதம். நாள் தவறாமல் கட்டினால் அதில் 3 குறைந்து 4 சதவீதம்.

நூத்துக்கு ரெண்டு வட்டி: வருஷத்துக்கு 24 சதவீதம். மூணு வட்டி என்றால் 36.

தண்டல்: 10,000 என்று பேசி 1,500-ஐ முன்னாலேயே பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்டணும். "1,500 தானே வட்டி" என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலையும் திருப்பிக் கட்டுகிறோம் அல்லவா? கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 120 சதவீதம் வருகிறது.

உரக்கடைப் பாக்கி: வட்டியே இல்லை என்பார்கள். ரொக்கத்துக்கு 1,300 ரூபாய் பொருளைக் கடனுக்கு 1,400 என்று எழுதி, 4 மாசத்தில் கட்டினால், அது வருஷத்துக்கு 23 சதவீதம்.

முன்பணம்: 20,000 வாங்கிவிட்டு 6 மாசம் கழித்து 10 டன் மரவள்ளியை டன்னுக்கு 500 குறைத்துக் கொடுத்தால் 5,000 ரூபாய் நட்டம். அதாவது 50 சதவீத வட்டி. இதை யாரும் வட்டி என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

குமரப்பாவை நாம் காந்தியப் பொருளாதார அறிஞராக மட்டும் நினைக்கிறோம். தஞ்சாவூரில் பிறந்த அவர் அடிப்படையில் கணக்குத் தணிக்கையாளர். 1929-30-ல் குஜராத்தின் மாத்தர் தாலுகாவில் கிராமம் கிராமமாகப் போய், உழவர் குடும்பத்தின் வரவு செலவை எழுதி எடுத்த பிறகுதான் பேசினார். நம் வீட்டுக்கு நாமே அந்த ஆய்வைச் செய்துகொள்ளலாம்.

எதை முதலில் அடைப்பது?

பெரிய கடனை முதலில் அடைக்கணும் என்று நினைக்க வேண்டாம். வட்டி அதிகமான கடன்தான் முதல். இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கூட்டுறவு, வங்கிப் பயிர்க்கடனின் தவணை தேதியை மட்டும் தவறவிடக் கூடாது. தேதி தவறினால் வட்டிச் சலுகை போய்விடும், அடுத்த முறை கடன் கிடைப்பதும் கஷ்டம்.

ஆனால் தேதிக்காக வெளியில் மூணு வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டு, மறு வாரம் மறுபடி எடுப்பதை 'அடைத்தேன்' என்று நினைக்காதீங்க. கடன் அப்படியேதான் இருக்கு. இடையில் ஒருவர் வட்டி எடுத்துக்கொண்டார்.

36 சதவீதத்திலிருந்து 7-க்கு மாற முடிந்தால் மாறுங்க. 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் வரையிலான வேளாண் கடனுக்கு வங்கி ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மாறிய பிறகு பழைய இடத்தில் மறுபடி வாங்கினால் இரட்டைக் கடன்தான் மிஞ்சும். மிரட்டி அநியாய வட்டி வசூலிப்பவர் மீது புகார் கொடுக்க 2003-ஆம் வருஷத்துக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கு.

ஒரு கணக்கு

சின்னசேலம் பக்கம் மூணு ஏக்கர், ரெண்டு மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கூட்டுறவில் பயிர்க்கடன் 60,000. மூணு வட்டிக்கு 30,000. தண்டல் ஒன்று, தினம் 100. உரக்கடைப் பாக்கி 12,000. சிக்கனத்தால் மாசம் 2,500 மிச்சம் பிடிக்கிறார்கள்.

முதல் 100 நாள் தண்டலைக் கட்டி முடிக்கணும். மறுபடி எடுக்கக் கூடாது. அந்த மூணு மாசம் மிச்சமான 7,500-ஐ எந்தக் கடனுக்கும் கட்டாமல் தனியாக வைக்கணும். ஏனென்றால் மாட்டுக்கு நோய், மோட்டார் ரிப்பேர் என்று வந்தால் கை மறுபடி தண்டலுக்குத்தான் போகும். அதைத் தடுக்கும் வரப்பு இந்த 7,500.

தண்டல் முடிந்ததும் மாசம் 3,000 விடுபடுகிறது. இதுவரை வட்டியாக மட்டும் கட்டிவந்த 900, தண்டல் காசு 3,000, சிக்கனக் காசு 2,500, மொத்தம் 6,400. இதை மூணு வட்டிக் கடனுக்குத் திருப்பினால் அசலோடு 30,000 ஆறாவது மாசம் தீர்ந்துவிடும். 'அசலை மொத்தமாத்தான் வாங்குவேன்' என்று சொல்பவராக இருந்தால், வட்டியைக் கட்டிக்கொண்டே மீதியை வங்கிக் கணக்கில் சேர்த்து ஒரே தடவையில் முடிக்கணும். அப்படியும் ஆறு மாசத்துக்குள்தான் வரும். பிறகு உரக்கடைக்கு ரெண்டு மாசம். ஒரு வருஷத்துக்குள் கூட்டுறவுக் கடன் மட்டும் மிஞ்சும். அதை அறுவடைப் பணத்தில் தேதிக்குள் கட்டினால் வட்டி இல்லை.

இதைச் செய்யாமல் மாசம் 900 வட்டி மட்டும் கட்டிக்கொண்டே போனால்? மூணு வருஷத்தில் 32,400 கட்டியிருப்போம். அசல் 30,000 அப்படியே நிற்கும்.

2,500 எங்கிருந்து வரும்?

முதலில் அடுப்படி. நம்மில் பலர் ஏக்கர் கணக்கில் சோளமும் கரும்பும் போட்டுவிட்டுக் கீரை, பருப்பு, எண்ணெய் எல்லாம் கடையில் வாங்குகிறோம். 20 சென்ட் மல்லாட்டை போடுங்க. 130 கிலோ காய் வந்தால் 90 கிலோ பருப்பு தேறும். செக்கில் ஆட்டினால் சுமார் 35 லிட்டர் எண்ணெய், நாலு பேருள்ள வீட்டுக்கு ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குக் காணும். பிண்ணாக்கு மாட்டுக்கு. வரப்பில் துவரை, தட்டைப்பயறு, கிணற்று வாய்க்கால் ஓரம் கீரையும் கத்தரியும் இருந்தால் சந்தைப் பை பாதியாகக் குறையும்.

அடுத்தது இடுபொருள். இங்கே இயற்கை உழவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யூரியா மூட்டையை விட்டுவிட்டு, 'ஆர்கானிக்' என்று எழுதிய பாட்டில்களை வரிசையாக வாங்குகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கடை மாறியிருக்கு, பாக்கி மாறவில்லை. ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம் செய்ய சாணம் 10 கிலோ, கோமியம் 5 முதல் 10 லிட்டர், நாட்டுச் சர்க்கரை 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு கைப்பிடி வரப்பு மண் போதும். காசு கொடுத்து வாங்குவது சர்க்கரையும் மாவும் மட்டும்தான். விதையும் அப்படித்தான். நல்ல கதிரைப் பிரித்து எடுத்து வைப்பவருக்கு விதைச் செலவு கிடையாது.

மூணாவது, பெரிய செலவுகள். டிராக்டர் சொந்தமாக வாங்கும் முன், வருஷத்தில் எத்தனை நாள் நம் நிலத்தில் ஓடும் என்று எண்ணுங்க. உழவன் செயலி வழியாக வேளாண் பொறியியல் துறை இயந்திரங்களை வாடகைக்குப் பதியலாம். கடன் வாங்கி ஆழ்துளைக் கிணறு போடுவது சூதாட்டம் மாதிரி. தண்ணி வராவிட்டாலும் தவணை வரும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழாக்களில் விழும் மொய்யும் கடன்தான், நோட்டில் எழுதுங்க.

நாலாவது, சொல்லக் கசப்பானது. நாளைக்கு 150 ரூபாய் குடிக்குப் போனால் வருஷத்துக்கு 54,750. மேலே சொன்ன குடும்பத்தின் மூணு வட்டிக் கடன், உரக்கடைப் பாக்கி ரெண்டையும் ஒரே வருஷத்தில் அடைக்கிற தொகை அது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச்சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்த மாவட்டம் நம்முடையது. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

குறைக்கக் கூடாதவையும் உண்டு. பிள்ளைகள் படிப்பு, வீட்டுப் பெண்களின் சாப்பாடு, வைத்தியம், காப்பீடு. வருஷம் 20 ரூபாயில் 2 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு வங்கியில் கிடைக்கிறது. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டையை இதுவரை வாங்காதவர்கள் உடனே வாங்கிடுங்க. ஒரே ஒரு ஆஸ்பத்திரிச் செலவு பத்து வருஷச் சிக்கனத்தை விழுங்கிவிடும். கறவை மாட்டையும் விற்காதீங்க. பால் காசு வாரா வாரம் வருவதால்தான் தண்டலை மறுக்க முடிகிறது.

பயிரே சேமிப்பு

மலையில் சாமையும் தினையும் இருந்த கொல்லைகளில் மரவள்ளி வந்த பிறகு நடந்ததைக் கவனிங்க. மரவள்ளி 9, 10 மாசப் பயிர். அதுவரை கையில் காசு வராது, அதனால் முன்பணம். பிடுங்கிய கிழங்கு ரெண்டு மூணு நாளில் கெட ஆரம்பிக்கும், அதனால் சொன்ன விலைக்குக் கொடுத்தாகணும். சாமை அப்படியில்லை. காயவைத்துக் குதிரில் கொட்டினால் வருஷக்கணக்கில் கெடாது. பசித்தால் சாப்பிடலாம், விலை வந்தால் விற்கலாம். மரவள்ளியை முழுசாக விடச் சொல்லவில்லை. கால் பங்கு கொல்லையிலாவது காத்திருக்கக்கூடிய பயிர் இருக்கட்டும்.

சமவெளி உழவருக்கு இன்னொரு வழி இருக்கு. அறுவடை நாளில் விலை இறங்கியிருந்தால், கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களில் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் விளைபொருளை இருப்பு வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக்கடன் வாங்கலாம். விலை ஏறியபின் விற்றுக் கட்டலாம்.

களத்திலேயே பங்கு பிரிங்க

அந்தக் காலத்தில் நெல் தூற்றி முடித்ததும் முதலில் விதைநெல்லைத் தனியாக அளந்து கட்டுவார்கள். வீட்டுக்குப் போய் மிஞ்சினால் பார்க்கலாம் என்று விட்டால் விதை மிஞ்சாது என்பது அவர்களுக்குத் தெரியும். பணத்துக்கும் அதே வழக்கம்தான். விற்ற அன்றைக்கே கடன் தவணை, அடுத்த போகச் செலவு, சேமிப்பு மூணையும் எடுத்துவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுபோங்க.

கடன் தீர்ந்த பிறகு அந்த 6,400-ஐயும் செலவாக்கிவிடாதீங்க. அதில் மாசம் 1,000 அஞ்சலகத் தொடர் வைப்பில் போட்டால், இப்போதைய 6.7 சதவீத வட்டியில் 5 வருஷத்தில் 71,000 ரூபாய்க்கு மேல் வரும். பதிவில்லாத சீட்டில் போட வேண்டாம். நம் முதல் இலக்கு, ஒரு போகச் சாகுபடிச் செலவு கையில் நிற்பது. அது வந்துவிட்டால் முன்பணம் தேவையில்லை, உரக்கடைப் பாக்கி தேவையில்லை. விலை பேசும்போது 'வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று சொல்லும் தெம்பு வரும்.

இதைத் தனியாகச் செய்வதைவிட ஊரில் பத்துப் பேர் சேர்ந்து செய்வது சுலபம். திருவள்ளூர் அருகே திரூரில் 1904-லேயே கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கிய மாநிலம் இது. ஊழியர்கள் வைத்திருக்கும் சங்கத்துக்கு நம் முன்னோர் வைத்த பெயரே 'சிக்கன நாணயச் சங்கம்'. சிக்கனம் முன்னால், கடன் பின்னால். மகளிர் குழுக்கள் அந்த வரிசையை இன்றும் காப்பாற்றுகின்றன, ஆண்கள்தான் மறந்துவிட்டோம்.

அடுத்த இயக்கக் கூட்டத்துக்கு வரும்போது பஞ்சகவ்யத்தோடு அந்த நாப்பது பக்க நோட்டையும் கொண்டுவாங்க. வட்டியை வருஷக் கணக்குக்கு மாற்றத் தெரியாதவர்களுக்கு உட்கார்ந்து போட்டுத் தருகிறேன். தை அறுவடைப் பணம் கைக்கு வருமுன் எந்தக் கடன் முதலில் என்று தெரிந்திருக்கணும்.