கூழுக்கா, குழம்புக்கா?

சனிக்கிழமை காலை. ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையின் மீன் பகுதியில் நிற்கிறோம். வெட்டுகிறவர்கள் இருவர். ஒருவர் மீனை நிறுத்து, வெட்டி, பையில் போட்டுத் தருகிறார். அதில் ஒரு பிழையும் இல்லை. மற்றவர் மீனைக் கையில் எடுத்தபடியே, "கூழுக்கா, குழம்புக்கா, பொரிக்கவா அக்கா?" என்று கேட்கிறார். கூழுக்கென்றால் தலையையும் துப்புரவாக்கித் தருகிறார். பொரிக்கவென்றால் துண்டுகள் மெல்லிசாக விழுகின்றன. சம்பளம் இருவருக்கும் ஒன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் நாம் மெல்ல மெல்ல இரண்டாமவரின் பக்கமே நகர்ந்துவிடுகிறோம்.

அந்தக் கேள்வியை எந்த மேலாளரும் எழுதிக் கொடுக்கவில்லை. மீனை அறிந்த மனிதர், அது போய்ச் சேரப்போகும் சட்டியையும் நினைத்துப் பார்க்கிறார். வேலையை நேசிப்பது என்பது இதுதான்.

நமது வாலிபர் பலர் படிப்போடு கோப்பிக் கடையிலும், மருந்துக் கடையிலும், கைபேசிக் கடையிலும் வேலை செய்கிறார்கள். "இது சும்மா பார்ட் டைம்தானே, இதையெல்லாம் எப்படி நேசிப்பது?" என்று அவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் தேட நம் நகரத்துக் கடைக்காரர் ஒருவரின் கதை உதவும்.

ஈற்றன் சென்ரருக்குப் போகாத தமிழ்ப் பிள்ளைகள் இங்கே இருக்கமாட்டார்கள். அந்தப் பெயருக்குரியவர் திமோத்தி ஈற்றன். 1834இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தவர். அவர் பிறக்குமுன்பே தகப்பன் இறந்துபோனார். சிறுவனாக ஒரு கடையில் வேலை பழகச் சேர்ந்தார். பகல் முழுவதும் ஓயாத வேலை; இரவில் படுக்கை கடை மேசைக்குக் கீழே. 1854இல் கனடாவுக்கு வந்து, 1869இல் ரொறன்ரோவின் யங் வீதியில் ஒரு சிறிய துணிக்கடையை வாங்கினார்.

அந்நாட்களில் பேரம் பேசுவதும் கடனுக்கு வாங்குவதும் வழக்கம். பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு வேறு விலை. ஈற்றன் எல்லாருக்கும் ஒரே விலை என்றார்; கடன் இல்லை என்றார். பொருள் திருப்தி தராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாகவும் வாக்குக் கொடுத்தார். 1884இல் அவர் கடையின் முதல் விலைப்பட்டியல் புத்தகம் வெளிவந்தது. பின்னாளில் தொலைதூரப் பண்ணை வீட்டில் இருந்தவர்களும் அந்த வாக்கை நம்பி, பொருளைக் கண்ணால் காணாமலே தபாலில் வாங்கினார்கள்.

ஆனால் வாக்கு தாளில் இருந்தால் போதாது. வாங்கிய சட்டையைத் திருப்பிக் கொண்டுவரும் பெண்ணை, மேசைக்குப் பின்னால் நிற்பவர் முகம் சுளித்துப் பார்த்தால், பணம் கிடைத்தும் அவள் அவமானத்தோடுதான் வீடு போவாள். கடையின் வாக்கைக் காப்பாற்றுகிறவர் அந்த மேசையில் நிற்கும் ஊழியரே. இதை மேசைக்குக் கீழே படுத்து வளர்ந்த ஈற்றன் அறிந்திருக்கவேண்டும். கடைகள் இரவு வெகுநேரம் திறந்திருந்த 1880களில், மாலை ஆறு மணிக்கே தம் கடையை மூடி ஊழியரை வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். 1907இல் அவர் இறந்தார். கடையின் ஐம்பதாவது ஆண்டான 1919இல் ஊழியர்கள் அவருக்கு ஒரு வெண்கலச் சிலையை அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். ரோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் அதை இன்றும் காணலாம். அதிர்ஷ்டம் வருமென்று பலர் தடவித் தடவி, சிலையின் கால்விரல் பளபளக்கிறது.

கதையின் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. அவர் இறந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1912இல், அதே நிறுவனத்தின் தையல் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்தது. பெண்கள் செய்துவந்த உள்துணி தைக்கும் வேலையையும், மேலதிகச் சம்பளமின்றி ஆண் தொழிலாளர் செய்யவேண்டும் என்று சொல்லப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை விட்டு வெளியேறினர். பெரும்பாலோர் நம்மைப்போல் குடியேறி வந்தவர்கள், யூதர்கள். மாதக்கணக்கில் போராடித் தோற்றார்கள். அவர்களுக்கு வேலையில் அன்பில்லை என்று யார் சொல்ல முடியும்? வேலையின்மேல் உள்ள அன்பைக் காரணம் காட்டி நியாயமான கூலியைக் குறைக்கக்கூடாது.

இன்று நம் பிள்ளைகளிடம் சிரிப்பையும் சேர்த்தே கேட்கிறார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்‌ஷீல்ட் 1983இல் வெளியிட்ட நூலில் விமானப் பணியாளர்களைப் பற்றி எழுதினார். மனதில் இல்லாததை முகத்தில் காட்டுவதும் ஓர் உழைப்பு, அது ஆளை உள்ளே களைக்கச் செய்கிறது என்று காட்டினார். ஆகவே, "எப்போதும் சிரி" என்று நம் பிள்ளைகளுக்கு நாமும் சொல்லவேண்டாம். மீன் வெட்டும் அண்ணர் அதிகம் சிரிப்பவரல்ல. அவர் கேட்கிறார், அவ்வளவுதான்.

அந்த ஒன்றை எந்த மேசையிலும் செய்யலாம். மருந்துக் கடையில் நிற்கும் பிள்ளை, ஆங்கிலம் தடுமாறும் அம்மம்மாவிடம், காலையில் எது, இரவில் எது என்று தமிழில் ஒருதரம் சொல்லலாம். கைபேசிக் கடையில் நிற்பவர், அந்த ஐயாவுக்குத் தேவையில்லாத திட்டத்தை விற்காமல் விடலாம். விற்கும் பொருளை நன்றாக அறிந்துகொண்டால் வேலையில் ஒரு பிடிப்பு வரும். பிடிப்பு வந்தால் எதிரே நிற்கும் ஆளும் கண்ணில் படுவார். அன்பு முதலில் வந்துதான் வேலை நன்றாக நடக்கவேண்டும் என்றில்லை. பல நேரம் கவனமாகச் செய்யச் செய்யவே அன்பு வருகிறது.

கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் பவுல், வேலையை முழுமனதோடு செய்யும்படி வேலைக்காரருக்குச் சொன்ன கையோடு, நியாயமாய் நடக்கும்படி எஜமான்களுக்கும் சொல்கிறார். இரண்டும் சேர்ந்தே நிற்கின்றன. நம்மில் கடை நடத்துகிறவர்கள் உண்டு. வாடிக்கையாளராகப் போகாதவர் ஒருவருமில்லை. காசு மேசையில் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பாராமல், கைபேசியில் பேசியபடி அட்டையை நீட்டிவிட்டு, "சேவை சரியில்லை" என்று வீட்டில் வந்து குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அடுத்த சனிக்கிழமை அந்த அண்ணர், "கூழுக்கா, குழம்புக்கா?" என்று கேட்கும்போது, பதிலோடு இன்னொன்றும் சொல்லுவோம்: "போனமுறை நீங்கள் வெட்டித் தந்தது நல்லாயிருந்தது அண்ணை."