முதுகுத் தண்டில் காசநோய்: கத்தி யாருக்கு, மருந்து யாருக்கு?

காசநோய் என்றதும் நம் நினைவுக்கு வருவன இருமலும் சளியும், சளியோடு கலந்து வரும் இரத்தமும்தான். ஆனால் இருமலே இல்லாமல், நெஞ்சில் ஒரு குறையும் வெளித் தெரியாமல், முதுகெலும்பில் போய்த் தங்கி, எலும்பை அரித்து, முதுகைக் கூனாக்கி, முடிவில் கால்களையே விளங்காமல் செய்துவிடும் காசநோயும் ஒன்று உண்டு. இதை நம் இல்லங்களில் எத்தனை பேர் அறிந்திருக்கிறோம்?

எங்கள் பிக்கட்டியிலும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் முதுகு வலியை எவரும் ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. நாளெல்லாம் சரிவில் நின்று கொழுந்து பறித்து, மூட்டை சுமந்து வருவோருக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும்? 'பனிக்காற்று பட்டது', 'பாரம் தூக்கியது' என்று சொல்லித் தைலம் தேய்ப்பதிலும், ஓதிப் பார்ப்பதிலும், கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவதிலும் மாதங்கள் கழிந்துவிடுகின்றன. முதுகு வலியில் பெரும்பகுதி தானே ஆறிவிடும் என்பது உண்மைதான். ஆறாத வலியைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

நோய் எலும்புக்குள் புகும் விதம்

காசநோய்க் கிருமி மூச்சின் வழியே நுரையீரலை அடைகிறது. அங்கிருந்து இரத்தத்தில் கலந்து உடலின் எந்த உறுப்புக்கும் சென்று தங்க வல்லது. எலும்பையும் மூட்டுகளையும் தாக்கும் காசநோயில் ஏறத்தாழப் பாதி முதுகெலும்பிலேயே வருகிறது. இந்நோயால் விளையும் கூனையும் கால் செயலிழப்பையும் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1779-இல் விவரித்து எழுதினார். அதனால் இன்றும் மருத்துவர்கள் இதனைப் 'பாட் நோய்' என்பர். நோய்க்குக் காரணமான கிருமியை ராபர்ட் காக் உலகுக்கு அறிவித்ததோ அதற்கு நூறாண்டுகளுக்குப் பின், 1882-இல்தான்.

நம் முதுகெலும்பு, எலும்புக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தூண் போன்றது. ஒவ்வொரு கட்டையின் பின்புறமும் ஓர் எலும்பு வளையம் உண்டு. இவ்வளையங்களின் நடுவே, மூளையிலிருந்து இறங்கி வரும் தண்டுவடம் பாதுகாப்பாகச் செல்கிறது. கால்களை அசைப்பதும், சிறுநீர் மலத்தை அடக்குவதும் அதன் வழியே நடைபெறும் செயல்கள். காசநோய் பெரும்பாலும் முன்புறக் கட்டைகளையே அரிக்கிறது. முன்புறம் நொறுங்கினால் தூண் முன்னோக்கிச் சாயும். முதுகில் கூன் எழும்பும். அங்கே தேங்கும் சீழும் உடைந்த எலும்புத் துண்டுகளும் தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் தளரும்.

கட்டிலும் கட்டும் கழிந்த கதை

மருந்து கண்டறியப்படாத காலத்தில் இந்நோயாளியை மாதக் கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக் கணக்கில், அசையாமல் படுக்க வைப்பதே சிகிச்சை. உடலைச் சுற்றி மாவுக் கட்டும் போடுவர். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும், அதன்பின் வேறு மருந்துகளும் வந்தன. 1956-இல் ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் என்னும் இரு மருத்துவர்கள், உடலின் முன்புறமாகச் சென்று, நோயுற்ற எலும்பை முழுவதும் அகற்றி, அவ்விடத்தில் நோயாளியின் சொந்த எலும்புத் துண்டையே பொருத்தும் முறையை வெளியிட்டனர். 'ஹாங்காங் அறுவை' என்ற பெயரில் அது உலகெங்கும் புகழ் பெற்றது.

ஆயினும் ஒரு கேள்வி எழுந்தது. இவ்வளவு பெரிய அறுவையைச் செய்யத் தேர்ந்த கைகளும் வசதிகளும் ஏழை நாடுகளில் எத்தனை ஊர்களில் இருக்கும்? எல்லா நோயாளிகளுக்கும் அது தேவைதானா? இதற்கு விடை காணப் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு குழுவை அமைத்தது. கொரியா, ஹாங்காங், ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே), நமது சென்னை ஆகிய இடங்களில் ஆய்வுகள் நடைபெற்றன. படுத்தே கிடப்பதாலோ, மாவுக் கட்டினாலோ கூடுதல் பயன் ஏதுமில்லை என்பதைக் கொரிய ஆய்வுகள் காட்டின. மருந்தை முறையாக உண்பவர் நடமாடிக்கொண்டே குணமடையலாம்!

இதே காலத்தில் வாராணசியின் டாக்டர் எஸ். எம். டுலி, 'நடுவழி' எனத் தாம் பெயரிட்ட முறையின் பயன்களை 1975-இல் வெளியிட்டார். முதலில் மருந்து, மருந்துக்கு இணங்காதவர்களுக்கும் நரம்புத் தளர்ச்சி நீங்காதவர்களுக்கும் மட்டுமே அறுவை என்பது அதன் சாரம்.

சென்னை தந்த விடை

சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தியல் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடியே நுரையீரல் காசநோயைக் குணப்படுத்தலாம் என்று 1959-இல் உலகுக்குக் காட்டிப் புகழ் பெற்றது. பின்னர் காசநோய் ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்ற இது, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. முதுகெலும்புக் காசநோய் பற்றிய சென்னை ஆய்வை 1970-களில் ஏற்று நடத்தியதும் இம்மையமே.

நோயாளிகள் மூன்று பிரிவாகப் பகுக்கப்பட்டனர். முதற் பிரிவினருக்கு ஹாங்காங் அறுவையும் ஆறு மாத மருந்தும். இரண்டாம் பிரிவினருக்கு அறுவையின்றி ஆறு மாத மருந்து. மூன்றாம் பிரிவினருக்கு அறுவையின்றி ஒன்பது மாத மருந்து. மருந்துகள் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின் ஆகிய இரண்டே. இவர்களைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1999-இல் முடிவை வெளியிட்டனர். கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்ட 235 பேரில், அறுவை செய்துகொண்ட 78 பேரில் 90 விழுக்காட்டினரும், ஆறு மாத மருந்து மட்டும் உண்ட 78 பேரில் 94 விழுக்காட்டினரும், ஒன்பது மாத மருந்து உண்ட 79 பேரில் 99 விழுக்காட்டினரும் நலமுடன் இருந்தனர்.

சிந்தித்துப் பாருங்கள். பெரும்பாலோருக்குக் கத்தியே தேவைப்படவில்லை. ஆனால் இதனை மேலோட்டமாகப் படித்துவிட்டு 'அறுவை சிகிச்சை வீண்' என்று முடிவு கட்டிவிடலாகாது. நடக்கவே இயலாத அளவுக்குக் கால் தளர்ந்தவர்கள் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. அந்த அறிக்கையே மற்றுமோர் எச்சரிக்கையையும் விடுத்தது: பதினைந்து வயதுக்குக் குறைந்து, தொடக்கத்திலேயே கூனின் கோணம் 30 பாகைக்கு மேல் இருந்த பிள்ளைகளுக்கு, நோய் ஆறிய பின்னும் கூன் பெரிதும் வளர்ந்தது.

பிள்ளைகளின் கணக்கு வேறு

நோய் ஆறிய பின்னும் கூன் ஏன் வளர வேண்டும்? இக்கேள்வியைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சிகளுள் ஒன்றாகக் கொண்டவர் கோவை கங்கா மருத்துவமனையின் முதுகெலும்பு அறுவை மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன். பெரியவர்களின் எலும்பு வளர்ந்து முடிந்தது. குழந்தையின் எலும்போ வளர்ந்துகொண்டே இருப்பது. முன்புறக் கட்டைகள் அழிந்து வளர்ச்சி குன்றிவிட, பின்புற வளையங்கள் மட்டும் வளர்ந்துகொண்டே போனால், வளைவு மேலும் வளையத்தானே செய்யும்?

அறுவையின்றி மருந்தால் குணமான 61 பிள்ளைகளைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, அவர் 2001-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். நோய் ஆறிய பின் வளரும் பருவத்தில் 39 விழுக்காட்டினருக்குக் கூன் அதிகமாயிற்று. 44 விழுக்காட்டினருக்குத் தானே குறைந்தது. 17 விழுக்காட்டினருக்கு மாறுதல் இல்லை. அவ்வாறாயின், யாருக்கு வளரும், யாருக்குக் குறையும் என்பதை முன்கூட்டியே அறிவது எப்படி? அதற்கும் அவர் வழி கண்டார். எக்ஸ்ரே படத்தில் தென்படும் நான்கு அடையாளங்களை வகுத்தார். பின்புற மூட்டுகள் விலகியிருத்தல், நோயுற்ற எலும்பு பின்னோக்கித் தள்ளப்பட்டிருத்தல், கட்டைகள் பக்கவாட்டில் நகர்ந்திருத்தல், மேற்கட்டை கீழ்க்கட்டையின் மீது கவிழ்ந்திருத்தல் என்பன அவை. இவற்றுள் இரண்டுக்கு மேல் காணப்பட்டால், அக்குழந்தையின் முதுகு ஆபத்தில் உள்ளது. காலம் தாழ்த்தாமல் அறுவை செய்து வளைவைத் தடுக்க வேண்டும்.

இதனை அழகு பற்றிய கவலையாக மட்டும் எண்ணிவிடாதீர்கள். பெரிய கூனின் மேல் தண்டுவடம் வில்லின் நாண் போல் இழுபட்டு நிற்கும். நோய் ஆறி ஆண்டுகள் பல கடந்து, அக்குழந்தை வளர்ந்து குடும்பம் நடத்தும் வயதில், கால்கள் செயலிழக்கக் கூடும். அந்நிலையில் கூனை நிமிர்த்தும் அறுவை இன்று இல்லாமலில்லை. ஆயினும் அது கடினமானது. தண்டுவடத்துக்கே ஆபத்து நிறைந்தது. சிறு வயதில் செய்யும் சிறிய அறுவை, பிற்காலத்துப் பெரிய அறுவையைத் தவிர்க்கிறது.

கத்தி தாமதிக்கக் கூடாத நேரம்

ஆக, மருந்து அனைவருக்கும் உண்டு; அறுவை சிலருக்கே உரியது. அந்தச் சிலர் யாவர்? கால் தளர்ச்சி நாளுக்கு நாள் கூடுபவர்கள், மருந்து உண்டும் தளர்ச்சி நீங்காதவர்கள், எலும்பு நொறுங்கி முதுகுத் தூண் நிலைகுலைந்தவர்கள், கூன் மிகுந்தவர்கள், மேற்கூறிய அடையாளங்கள் உள்ள பிள்ளைகள். தண்டுவடம் நெடுநாள் அழுத்தப்பட்டுக் கிடந்தால், பிறகு எத்தகைய அறுவை செய்தாலும் இழந்த வலிமை முழுவதும் திரும்புவது அரிது. நடை தடுமாறுதல், செருப்பு காலிலிருந்து நழுவுவதை உணராமை, சிறுநீர் அடக்க இயலாமை ஆகியவை கண்டால், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்ற சொல்லுக்கே இடமில்லை.

நம் இல்லங்களின் பொறுப்பு

சில வாரங்கள் கடந்தும் நீங்காத முதுகு வலி, மாலையில் காய்ச்சல், உடல் மெலிவு, பசியின்மை, இரவில் தூக்கத்தினிடையே குழந்தை வலியால் அலறுதல் இவையெல்லாம் அறிகுறிகள். மத்ரஸாவில் ஓத வரும் பிள்ளைகளைக் கவனிக்கும் ஆசிரியர்களும், வீட்டில் தாய்மாரும் மற்றொன்றையும் நோக்கலாம். முதுகில் நோயுள்ள பிள்ளை தரையில் கிடக்கும் பென்சிலைக் குனிந்து எடுக்காது. முதுகை நிமிர்த்தியபடியே முழங்காலை மடக்கிக் குந்தி எடுக்கும். தொழுகையில் ருகூஉக்குக் குனிய மறுக்கும் பிள்ளையைக் கண்டிக்கும் முன், அதன் முதுகைத் தடவிப் பாருங்கள். மேடு ஏதும் தட்டுப்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் நோய் புலப்படாமல் போகலாம், எம்.ஆர்.ஐ. படம் அதனை முன்னதாகவே காட்டிவிடும். ஊசி மூலம் சிறிது திசு எடுத்துச் சோதித்தால் நோயும், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்பதும் தெளிவாகும். காசநோய் மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கின்றன. முதுகெலும்புக்கு இன்று வழக்கமாக ஓராண்டு மருந்து தருகின்றனர். தேவையானால் மேலும் நீட்டிப்பர். ரிஃபாம்பிசின் உண்ணும்போது சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகும். அதைக் கண்டு அஞ்சி மருந்தை விட வேண்டாம். இரண்டு மாதத்தில் வலி நின்றுவிடும், நோய் நிற்காது. இடையில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காத வலிமை பெற்றுவிடும். ரமளானிலும் மருந்து தவறக் கூடாது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது. நோன்பு நோற்பது பற்றி மருத்துவரையும் ஆலிமையும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெண் பிள்ளைக்குக் காசநோய் என்றால் திருமணம் தடைப்படும் என்று அஞ்சி, மறைத்து வைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. நுரையீரலில் நோயில்லாமல் முதுகெலும்பில் மட்டும் நோயுள்ளவர், அருகிலிருப்பவருக்கு மூச்சின் வழியே அதைப் பரப்புவதில்லை. முறையாக மருந்துண்டு குணமானவர் மணமுடித்துப் பிள்ளைகள் பெற்று நிறைவாக வாழத் தடையேதுமில்லை. மறைத்து வைத்த நோய்தான் கூனாகி, ஊரறிய முதுகில் வந்து நிற்கிறது.

எனவே அன்புச் சகோதர சகோதரிகளே! அறுவை என்ற சொல்லைக் கேட்டதும் ஓடி ஒளியவும் வேண்டாம். வலி என்றதும் அறுவையைத் தேடி ஓடவும் வேண்டாம். நோய் தெளிவாகட்டும், மருந்து தவறாமல் நடக்கட்டும், பிள்ளை நோயிலிருந்து குணமான பின்னும், வளர்ந்து முடியும் வரை ஆண்டுதோறும் முதுகை எக்ஸ்ரே எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துச் சீட்டு முடிந்த நாளில் பெற்றோரின் கடமை முடிந்துவிடுவதில்லை. வல்ல இறைவன் நம் பிள்ளைகளை நிமிர்ந்த முதுகோடும் நலமான கால்களோடும் வாழச் செய்வானாக!